ஒன்பதாவது கல்

என் தங்கை காந்திமதி ஏழு வயதில் திம்பிள்கோட் ஊருக்குள் மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு ஐம்பத்தொரு வயதிலும் அங்கேயேதான் இருக்கிறாள், இடையில் ஒரு நாள்கூட அந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், அவ்வளவு அழகான ஊரா என்கிறார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி விட்டுவிடுகிறேன்.

அழகான ஊர்தான். இங்கிலாந்தின் தெற்கே, இரண்டு மேடுகளுக்கு நடுவில், யாரோ ஈரத்துணியைப் போட்டுவிட்டு எடுக்க மறந்த மாதிரி கிடக்கும். இருநூறு பேர், ஒரு தேவாலயம், ஒரு தபாலாபீஸ், ஒரு மதுக்கடை, இரண்டு அறை உள்ள ஒரு பள்ளிக்கூடம், மற்றபடி மாடுகள். அந்த ஊருக்கு வர வெள்ளைக்கார டாக்டர் எவரும் சம்மதிக்கவில்லை, பாளையங்கோட்டையிலிருந்த என் அப்பா சம்மதித்தார், சீமைக்குப் போவதென்று ஆன பிறகு எந்த ஊரானால் என்ன என்று அவருக்கு இருந்தது. 1978 அக்டோபரில் நாங்கள் நாலு பேரும் போய் இறங்கினோம். அன்று பெய்துகொண்டிருந்த மழை, என் ஞாபகத்தில், இன்னும் விடவில்லை.

எங்கள் சின்ன வயசு அந்த மழைக்குள்தான் நடந்தது. காலையில் எழுந்தால் ஜன்னலின் உள்பக்கம் பனி பிடித்திருக்கும், அதில் விரலால் பெயர் எழுதிவிட்டு, ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, வேலியோரமாக நடந்து பள்ளிக்கூடம் போவோம், வழியில் செந்தட்டி பட்டுக் கால் எரிந்தால் பக்கத்திலேயே முளைத்திருக்கும் அகல இலையைக் கசக்கித் தேய்ப்போம், ஆகஸ்டில் முள்ளுச்செடியில் கறுப்புப் பழம் பறித்து வாயெல்லாம் கறையாக்கிக்கொள்வோம், அறுவடை முடிந்தால் தேவாலயத்தில் பூசணிக்காயும் தகர டப்பாவில் அடைத்த பீன்ஸும் அடுக்கிவைத்துப் பாட்டுப் பாடுவோம். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அம்மா மண்ணெண்ணெய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று மூன்றாவது தடவையாகச் செத்துப்போனதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. காலை மிதித்தால் மிதிபட்டவனே மன்னிப்புக் கேட்கிற ஊர் இது என்று அவளுக்கு ஒரு ஆச்சரியம், அந்த ஆச்சரியத்திலேயே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

மே மாதம் எல்லை நடை வந்தது. வரைபடமெல்லாம் இல்லாத காலத்தில் ஏற்பட்ட வழக்கமாம். ஊரார் எல்லோரும் பாதிரியாருக்குப் பின்னால், கையில் வில்லோ மரக் குச்சியுடன், ஊரின் எல்லையைச் சுற்றி நடந்து, ஒன்பது எல்லைக் கல்லையும் குச்சியால் அடிப்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து, உச்சந்தலையை மெதுவாக மோதுவார்கள். வலித்தால்தான் மறக்காது, எழுபது வயதிலும் அந்தப் பிள்ளைக்கு எல்லை எங்கே என்று ஞாபகம் இருக்கும் என்பது கணக்கு. முடிந்ததும் இனிப்பு ரொட்டி தருவார்கள். அந்த வருடம் ஊரில் தோதான வயதில், இன்னும் கல்லில் மோதாத குழந்தை வேறு இல்லை, ஆகவே டாக்டர் வீட்டுப் பிள்ளை என்று முடிவாயிற்று.

அவர்கள் கேட்டது என்னைத்தான். எனக்குப் பதினொரு வயது. தலைகீழாகத் தூக்கினால் பாவாடை முகத்தில் விழுமே என்று எனக்கு வெட்கம். நான் கால்சட்டை போட்டிருந்த தங்கையை முன்னால் தள்ளிவிட்டேன். அவளுக்கு ரொட்டி பிடிக்கும், சந்தோஷமாகப் போனாள். இதை நான் யாரிடமும் நாற்பது வருடம் சொல்லவில்லை.

எட்டுக் கல் சிரிப்பும் சேறுமாகப் போயிற்று. ஒன்பதாவது கல் நகரத்துக்குப் போகும் சாலையோரம், பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் பாசி பிடித்து நிற்கும். அங்கே ஒரு கூடுதல் சடங்கு உண்டு. பிள்ளையைப் பெற்றவள் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். ஊரைப் பார்த்தபடி பிள்ளை தலைகீழாகத் தொங்கும், கல்லில் தலை பட்டதும், பின்னாலிருந்து தாய் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பிள்ளையை வெளிப்பக்கமாக இறக்கி விடுவார்கள்.

தபாலாபீஸ் நடத்திவந்த மிஸஸ் ப்ரூதான் இந்த வழக்கங்களுக்கெல்லாம் பொறுப்பு. மெலிந்த, நீண்ட பெண்மணி, எப்போதும் மழைக்கோட்டில் இருப்பார். "இப்போது கூப்பிடலாம், மிஸஸ் சிதம்பரம்" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். "அம்மா, காந்திய பேர் சொல்லி கூப்பிடணுமாம்."

அம்மா அப்பாவின் ஓவர்கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றாள். "முதுகக் காட்டிட்டுப் போறவள பின்னால நின்னு கூப்பிடவா? அதெல்லாம் ஆகாது ளா. நல்ல காரியத்துக்குக் கெளம்பின பிள்ள. நீ சொல்லு அவங்ககிட்ட, எங்கள்ல வழக்கமில்லன்னு."

நான் சொன்னேன். மிஸஸ் ப்ரூ வாயைத் திறந்து, மூடினார். பாதிரியார் தொண்டையைச் செருமினார். காந்திமதியின் காலைப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டு, தலையை ஆட்டி மறுத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. இன்னொருவர் வழக்கத்தில் தலையிடுவது அந்த ஊரில் பெரிய அநாகரிகம். என் தங்கையை உள்பக்கமாகவே இறக்கிவிட்டார்கள். ரொட்டி கொடுத்தார்கள். இரண்டு ஊர் மரியாதையும் ஒன்றுசேர்ந்து அவள் தலையில் அப்படி விடிந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பா எங்களுக்குச் செருப்பு வாங்க நகரத்துக்குக் காரில் கூட்டிப்போனார். பின்சீட்டில் நானும் அவளும். அவளுடைய மிட்டாய்ப் பொட்டலத்தை நான் வைத்திருந்தேன், ஒன்று கொடுப்பதற்காகத் திரும்பினேன், பக்கத்தில் யாரும் இல்லை. சீட்டில் அவள் உட்கார்ந்திருந்த குழி மட்டும் இருந்தது, அது மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. காரை நிறுத்திப் பின்னால் பார்த்தால், ஒன்பதாவது கல்லுக்கு அந்தப்பக்கம், ஒரு காலில் மட்டும் செருப்போடு அவள் நின்றுகொண்டிருந்தாள். அப்பா திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டார். கல்லைத் தாண்டினோம், மறுபடியும் அவள் இல்லை. மூன்றாவது தடவை அப்பா காரை விட்டுவிட்டு, அவளைத் தோளில் தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்லைத் தாண்டியதும் அவருடைய இரண்டு கையும் வெறுங்கையாகத் தம் நெஞ்சையே கட்டிக்கொண்டிருந்தன. அவர் திரும்பி வந்து, மண்டியிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"நாடி சரியாத்தான் இருக்கு" என்றார். அன்று யாரும் செருப்பு வாங்கவில்லை.

செய்தி தெரிந்ததும் மிஸஸ் ப்ரூ ஆப்பிள் பை என்கிற பழப் பணியாரம் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு வந்தார். "என் கொள்ளுத் தாத்தா காலத்தில் ஒரு தடவை நடந்திருக்கிறது. மாவுமில்காரர் பையன். தாயார் காது கேளாதவர், நேரத்துக்குக் கூப்பிடவில்லை. எண்பத்தொரு வயதுவரை சௌகரியமாக இருந்தார், வேலி கட்டுவதில் கெட்டிக்காரர்" என்றார்.

"அம்மா இப்போது போய்க் கூப்பிட்டால் ஆகாதா" என்று நான் அவரிடம் கேட்டேன்.

"வெளியே நின்று கூப்பிட ஒரே ஒரு தருணம்தான், கண்ணு. பிள்ளை முதல் தடவை தலைகீழாக இருக்கும்போது. அதற்குப் பிறகு வெளியே நிற்கிறவர்கள் குரலை எல்லை கேட்காது." பணியாரத் தட்டை மேஜைமேல் எங்கள் பக்கமாக நகர்த்தினார். "நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வழக்கம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டோம்."

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா அடுப்பை அணைத்தாள். எழுந்து போய் மழையில், கல்லுக்கு வெளியே நின்று, "காந்திமதீ" என்று கூப்பிட்டாள். பாளையங்கோட்டைத் தெருவில் விளையாடப் போன பிள்ளைகளை விளக்கு வைக்கும் நேரத்தில் கூப்பிடுகிற அதே குரல், கடைசி எழுத்தை நீட்டி, தெருமுனைவரை போகிற மாதிரி. மறுநாளும் போய்க் கூப்பிட்டாள். அடுத்த வருட எல்லை நடையில் என் தங்கையை மறுபடி ஒன்பது கல்லிலும் மோதவைத்து, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் தினம் மாலை நாலு மணிக்கு ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்று கூப்பிடுவாள். முதலில் ஊரார் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், பிறகு அந்தக் குரல் கேட்டதும் தேநீருக்குத் தண்ணீர் வைக்க ஆரம்பித்தார்கள், தாமஸ் பண்ணை மாடுகள் பால் கறக்கத் தாமாகவே வந்து நின்றன. ஆறு வருடம் கழித்து ஒருநாள் அம்மா போகவில்லை. அன்று ஊர் முழுக்கத் தேநீர் குடிக்கத் தாமதமாயிற்று, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

ஊர் என் தங்கையை ஏற்றுக்கொண்டது, ஒரு வீட்டில் கதவு சரியாக மூடவில்லையென்றால் அந்த வீட்டுக்காரர்கள் அதற்கேற்ப நடக்கப் பழகிக்கொள்வதுபோல. நூலக வண்டி கல்லுக்கு வெளியே நிற்பதை விட்டுவிட்டு நாற்பதடி உள்ளே வந்து நின்றது. பல் டாக்டர் மடக்கு நாற்காலியோடு வந்து தேவாலயத் தாழ்வாரத்தில் அவளுக்குப் பல் பிடுங்கினார். மேல்வகுப்புப் பள்ளி நகரத்தில் இருந்ததால் ஒரு டீச்சர் செவ்வாயும் வியாழனும் பஸ்ஸில் வந்து போனார். கல்வி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார், அவரைக் கல்லடிக்குக் கூட்டிப்போய் காந்திமதியைத் தாண்டச் சொல்லிக் காட்டினார்கள், அவர் பார்த்துவிட்டு இரண்டு கோப்பைத் தேநீர் குடித்து, 'போக்குவரத்துச் சிரமம்' என்று எழுதிக்கொண்டு போனார். கல்லையே நகர்த்திவிடலாமே என்று ஊர்ச்சபையில் ஒரு பேச்சு வந்தது, பக்கத்து ஊர்ச்சபையிடமிருந்து மிகவும் வருத்தத்தோடு மறுத்து ஒரு கடிதம் வந்தது. பத்திரிகைக்காரன் ஒருவன் மோப்பம் பிடித்து வந்தபோது மட்டும், இருநூறு பேரும் சேர்ந்தாற்போல், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள்.

மோதிய மோதலுக்குப் பலன் இருந்தது. அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. எந்த வேலி எந்த வருடம் எத்தனை அடி தள்ளி நட்டது, எந்த ஓக் மரம் எந்தப் புயலில் விழுந்தது என்று எல்லாம் சொல்வாள். வரப்புத் தகராறென்றால் வக்கீல்கள் அவளைத் தேடி வருவார்கள். பதிலுக்கு அவள் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பாள், கடல் எப்படி இருக்கிறதென்று. கடல் பதினோரு மைலில் இருந்தது. ஒரு பள்ளிச் சுற்றுலாவில் நான் ஜூஸ் பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தேன், அவள் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "உப்புத்தாம்க்கா" என்று சொல்லி, பாட்டிலை மூடி ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்பது வயதானபோதுதான் அந்த நாய் விஷயம் நடந்தது. பால்காரர் வண்டியில் ரஸ்டி என்று ஒரு பழுப்பு நாய் வரும், அவளுக்கு அதன்மேல் உயிர். ஒருநாள் காலை வண்டி கல்லைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது அவள் உள்ளே நின்று, "ரஸ்டி" என்று கூப்பிட்டாள். நாய் அவள் காலடியில் நின்றது. குதித்து ஓடிவரவில்லை, வண்டியில் இருந்தது, பிறகு இங்கே இருந்தது. அதற்கப்புறம் அந்த நாயாலும் தாண்ட முடியவில்லை. பால்காரர் நாலைந்து தடவை ஏற்றிப் பார்த்தார், பிறகு, "சரி, உன்னிடமே இருக்கட்டும் மிஸ்" என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். தினம் காலையில் வருவார், அதைத் தடவிக்கொடுப்பார், போவார். நாய் ஒன்பதாவது கல்லடியில் உட்கார்ந்து, வண்டிச் சத்தம் தேய்கிறவரை மூக்கால் அழும். பதினோரு வருடம், சாகிறவரை, ஒரு நாள் தவறாமல் அழுதது. காந்திமதி பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வெளியே நிற்பவர் குரலைக் கேட்காத எல்லை உள்ளே இருப்பவள் குரலைக் கேட்கும் என்று எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. அம்மா அவளை முருகன் படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

"போறவங்க யாரையும், ஆரா இருந்தாலும், பின்னால நின்னு கூப்பிட மாட்டேன்னு சொல்லு."

"மாட்டேம்மா."

"அப்பாவ?"

"மாட்டேன்."

"என்னைய?"

அவள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன்" என்றாள்.

அப்பா போய்விடுவார் என்று அவ்வளவு முன்கூட்டியே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா நல்லவர், ஆனால் தன்னால் குணப்படுத்த முடியாத நோயாளி சொந்த வீட்டிலேயே இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. லெஸ்டரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வாரக்கடைசியில் வருவார், பிறகு மாதக்கடைசியில் வந்தார், வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பொம்மையோ புத்தகமோ கொண்டுவந்தார். ஒரு நவம்பர் ஞாயிறு மத்தியானம் அவர் கார் புறப்பட்டபோது நான் பார்த்தேன். காந்திமதி கல்லடியில் நின்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. அம்மா வீட்டு வாசலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், காரைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க அந்த ஊரிலேயே கிடந்திருப்பார். அவள் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தார்.

பதினெட்டு வயதில் நானும் போனேன். மருந்தியல் படித்தேன், வேலை, கல்யாணம், ஒரு மகன், அப்புறம் கல்யாணம் முறிந்தது, எல்லாம் கல்லுக்கு வெளியே நடந்தது. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் போவேன். திரும்பும்போது அவள் கல்வரைக்கும் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வருவாள். நான் முன்னால் பார்த்து ஓட்டுவேன், கண்ணாடியில்கூடப் பார்க்க மாட்டேன். கல்லைத் தாண்டுகிற அந்த ஒரு கணம் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவேன். கூப்பிட்டுவிடுவாளோ என்று பயம். தாண்டிய பிறகு ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதிக்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்.

ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயிற்று. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மாடுகளை விற்றார்கள். மிஸஸ் ப்ரூ இறந்தபின் தபாலாபீஸை என் தங்கை நடத்தினாள், பிறகு அதையும் மூடினார்கள். அவளோடு விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒவ்வொருவர் போகும்போதும் அவள் கல்லடியில் நின்று கையசைத்தாள். வெதர்பி வீட்டுப் பையன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தான், அவனுக்கு வேலை கனடாவில் கிடைத்தது. அவனையும் கூப்பிடவில்லை. வீடுகளை லண்டன்காரர்கள் வாங்கி, சனி ஞாயிறுக்கு மட்டும் வந்து விளக்குப் போட்டார்கள். குளிர்காலத்தில் வாரநாட்களில் அந்த ஊரில் புகை வருவது எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மட்டும்தான்.

போன பிப்ரவரியில் அம்மா, காலையில் காப்பி குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தன்னை எரித்துச் சாம்பலைத் தாமிரபரணியில் கரைக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். நாற்பத்து நாலு வருடம் அந்த ஈரத்தில் கிடந்தவள், கடைசியாகவாவது ஊர்ப் பக்கம் போகட்டும் என்று நானும் நினைத்தேன். தகனம் நகரத்தில். சவ வண்டி வந்தது, டிரைவரும் உதவியாளரும் பெட்டியை ஏற்றினார்கள், பின்னாலேயே என் கார். மழை தூறிக்கொண்டிருந்தது. காந்திமதி அம்மாவின் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு கல்லடியில் நின்றாள். சவ வண்டி தாண்டியது. அப்போது, கண்ணாடியை ஏற்றியிருந்தும், எனக்குக் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டாள். பெரிய சத்தமில்லை. அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற அளவுதான்.

நான் நிறுத்தவில்லை, வழக்கம்போல் முன்னால் பார்த்தே ஓட்டினேன். தகன மண்டபத்தில் உதவியாளர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே மாலை மட்டும் இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி, "நீங்கள் திம்பிள்கோட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் திரும்பிப் போய்விடுவோம், மேடம்" என்றார்.

பெட்டி கல்லுக்கு உள்பக்கம் புல்மேல் இருந்தது. பக்கத்தில் அவள், ஒரு கையை மூடிமேல் வைத்து, மழையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்ட்டி கூப்பிட்ட?"

"வாயில வந்துட்டுக்கா."

"ஆத்துல கரைக்கச் சொன்னாளே."

"சொன்னா. எனக்குந் தெரியும்." ஈரக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உசுரோட இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன். செத்தவளுக்கு உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன. எனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்குக்கா இங்க."

அம்மாவைத் தேவாலயத் தோட்டத்தில், மிஸஸ் ப்ரூவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். புதுப் பாதிரியார் மதம் எதுவென்று கேட்கவில்லை. நான் ஒரு வாரம் இருந்தேன். புறப்படுகிற காலையில் இரண்டு பேரும் அடுப்பங்கரையில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, என்னையறியாமல் சொன்னேன்.

"அன்னைக்கு நாந்தான் தலைகீழாத் தொங்கியிருக்கணும். உன்னத் தள்ளிவிட்டுட்டேன்."

"தெரியும்க்கா. பாவாட." கொஞ்சம் சிரித்தாள். அம்மாவின் பாளையங்கோட்டைப் பேச்சு அவளிடம்தான் அப்படியே இருக்கிறது, எனக்கு எப்போதோ தேய்ந்துவிட்டது. "எனக்குத்தான் எதுவும் மறக்காதே."

"என்னைக் கூப்பிடணும்னு என்னைக்காவது தோணியிருக்கா?"

அவள் கையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள், அது காய்ந்து வெகு நேரமாகியிருந்தது. "ஒவ்வொரு தடவையும்" என்றாள். பிறகு, "நேரமாவுது, கெளம்பு. இருட்டினா அந்த ரோட்டுல ஓட்டச் செரமம்" என்றாள்.

அவள் கல்வரைக்கும் காருக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். வேலியோரம் செந்தட்டி முளைத்திருந்தது, அதன் பக்கத்திலேயே அந்த அகல இலையும். கல்லை நெருங்கும்போது நான் கண்ணாடியை முழுக்க இறக்கினேன், வானொலியை அணைத்தேன், நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். மழை உள்ளே அடித்து மடியை நனைத்தது. கூப்பிட்டிருந்தால் என் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும், என் மகன், என் வீடு, எல்லாம் கல்லுக்கு வெளியே நின்றிருக்கும், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். கல் என் பக்கமாக வந்தது, பின்னால் போயிற்று. இன்னும் மெதுவாக்கினேன். எந்தச் சத்தமும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அம்மாவின் ஓவர்கோட்டில், கல்லுக்கு அந்தப்பக்கம், என் தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். சாலை திரும்புகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.